வாலையில் ஏறாத ஈயம்

வீட்டிலேயே ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, இரண்டு கைப்பிடி கல்லுப்பும் ஒரு கட்டுப் புதினாவும் போட்டு மிதமான தீயில் கொதிக்க விடுங்கள். மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து மூடுங்கள். ஐந்து நிமிடம் கழித்துத் தட்டைத் திருப்பினால் அடியில் முத்து முத்தாக நீர் கோத்திருக்கும். ஆறவிட்டு ஒரு துளியை நாக்கில் வையுங்கள். புதினா மணக்கும், உப்புக் கரிக்காது. வாசனை ஆவியோடு ஏறித் தட்டுக்கு வந்துவிட்டது. உப்பு பாத்திரத்திலேயே தங்கிவிட்டது. தீயைக் கூட்டி வைத்து நீர் தளதளவென்று தெறித்திருந்தால் மட்டும் லேசாகக் கரிக்கலாம். அந்தத் தெறிப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்த அடுப்படி உண்மையை நம்பி உழவு செய்து பார்த்த ஊர் ஒன்று உண்டு. பல்கேரியாவின் இரண்டாவது பெரிய நகரம் ப்ளோவ்திவ். அதன் அருகே ஈயமும் துத்தநாகமும் உருக்கும் பெரிய ஆலை 1960களின் தொடக்கத்தில் வந்தது. சுற்றிலும் காய்கறியும் திராட்சையும் புகையிலையும் விளையும் சமவெளி. பல பத்தாண்டுகளாக ஆலையிலிருந்து வந்து படிந்த தூசியில் ஈயம், காட்மியம், துத்தநாகம், செம்பு எல்லாம் கலந்திருந்தன. காற்றில் வந்தது மண்ணில் இறங்கியது. மண்ணில் இறங்கியது இலைக்கும் கிழங்குக்கும் ஏறியது. வெறும் கண்ணுக்கு அந்த வயல்களில் ஒரு குறையும் தெரியாது. கீரை பச்சையாகத்தான் இருக்கும், கேரட் இனிக்கத்தான் செய்யும்.

பல்கேரியாவுக்கு ரோஜா எண்ணெயும் லாவெண்டர் எண்ணெயும் பரம்பரைத் தொழில். எனவே அங்குள்ள வேளாண் ஆய்வாளர்களுக்கு ஒரு கேள்வி எழுந்தது: சாப்பிடக் கூடாததை விளைவிக்கும் மண்ணில், சாப்பிடத் தேவையில்லாததை விளைவித்தால் என்ன? வால்ச்சோ ஜெல்யாஸ்கோவ் என்ற ஆய்வாளர் நீல்சன் என்பவருடன் சேர்ந்து புதினா வகைகளில் செய்த ஆய்வு 1996-இல் வெளிவந்தது. ஆலையிலிருந்து வெறும் 400 மீட்டர் தொலைவில் வளர்ந்த புதினாவில் தழை மகசூல் 9 முதல் 16 சதவீதம் குறைந்தது. எண்ணெய் மகசூல் 14 சதவீதம் வரை குறைந்தது. இலையில் உலோகம் ஏறித்தான் இருந்தது. ஆனால் வடித்தெடுத்த எண்ணெயின் தரம் கெடவில்லை. லாவெண்டரிலும் அதே போக்கு. பின்னாளில் ப்ளோவ்திவ் வேளாண் பல்கலைக்கழகத்தின் வியோலினா ஆங்கெலோவா போன்றவர்கள் இந்த வேலையை மற்ற வாசனைப் பயிர்களுக்கும் கொண்டு சென்றார்கள்.

பதினைந்து சதவீத இழப்பு உழவருக்குப் பெரிய அடிதான். ஆனால் அவருடைய மறு வழி என்ன? ஊரை விட்டுப் போவது, அல்லது நஞ்சேறிய காய்கறியைத் தெரிந்தோ தெரியாமலோ விற்பது. அந்த இரண்டுக்கும் நடுவே நின்று பார்த்தால் இந்தப் புதினாவின் மதிப்பு புரியும்.

பூச்சிமருந்து மண்ணில் கலந்தால் நுண்ணுயிர்கள் மெதுவாகவாவது அதைச் சிதைக்கும். டீசல் கொட்டினால் அதைத் தின்னும் பாக்டீரியாக்களும் உண்டு. ஈயத்தை எதுவும் தின்று தீர்க்க முடியாது. அது தனிமம். வெயில், மழை, நெருப்பு, பாக்டீரியா எது பட்டாலும் ஈயம் ஈயமாகவே இருக்கும், இடம் மாறும், வடிவம் மாறும், அவ்வளவுதான். அதனால் கன உலோகம் படிந்த மண்ணுக்கு அடிப்படையில் இரண்டே வழி. ஒன்று, உலோகத்தை அங்கிருந்து வெளியே எடுப்பது. மற்றது, அங்கேயே அசையாமல் பிடித்து வைப்பது.

வெளியே எடுப்பதற்கு என்ன விலை என்பதை ஜப்பான் கொடுத்துப் பார்த்தது. ஜின்சூ ஆற்றின் மேற்பகுதியில் இருந்த துத்தநாகச் சுரங்கத்திலிருந்து காட்மியம் ஆற்றில் கலந்து, பாசனத்தோடு தொயாமா மாவட்டத்து வயலுக்கு வந்து, அரிசியில் ஏறியது. அதைத் தின்ற மக்களுக்கு, குறிப்பாகப் பிள்ளை பெற்ற நடுத்தர வயதுப் பெண்களுக்கு, சிறுநீரகம் கெட்டு எலும்பு இளகி, இருமினாலே எலும்பு முறியும் நிலை வந்தது. அவர்கள் வலியில் கத்திய ‘இத்தாய், இத்தாய்’ என்ற சொல்லே நோயின் பெயரானது. நம் பேச்சில் அது ‘வலிக்குதே, வலிக்குதே’. காட்மியம்தான் காரணம் என்று ஜப்பான் அரசு ஒப்புக்கொண்டது 1968-இல். அதன்பின் கெட்ட மண்ணுக்கு மாற்றாக நல்ல மண்ணைக் கொண்டுவந்து பரப்பும் பணி 1979-இல் தொடங்கி 2012-இல் முடிந்தது. 33 ஆண்டுகள் பாடுபட்டுச் சீர்செய்த நிலம் 863 ஹெக்டேர். ஜப்பானைப் போன்ற பணக்கார நாட்டுக்கே இவ்வளவு காலம் என்றால், மற்ற நாடுகள் மண்ணை அள்ளி மாற்றுவோம் என்று கனவுகூடக் காண முடியாது.

அதனால்தான் செடிகளின் பக்கம் பார்வை திரும்பியது. உலோகத்தை விரும்பி உறிஞ்சும் செடிகள் சில உலகத்தில் உண்டு. பசிபிக் கடலில் நியூ காலிடோனியா தீவில் ஒரு மரம் இருக்கிறது. பட்டையைக் கீறினால் பால் வெள்ளையாக வராது, நீலப் பச்சையாக வரும். 1976-இல் அதை ஆராய்ந்தவர்கள், அந்தப் பாலை உலர்த்தினால் எடையில் நான்கில் ஒரு பங்கு நிக்கல் என்று கண்டார்கள். மரமே ஒரு சுரங்கம். ஆனால் இப்படிப்பட்ட செடிகளில் பல குட்டையானவை, மெதுவாக வளர்பவை, தங்களுக்கென்று ஒரு மண்ணும் ஒரு குளிரும் கேட்பவை. அறுத்தால் கூலிக்குக்கூடக் காசு தராதவை. ஆய்வுக்கூடத்தில் வியக்க வைக்கும் செடியை உழவர் தம் நிலத்தில் பத்து ஆண்டு வளர்க்க வேண்டுமானால் அது அவருக்குச் சோறு போட வேண்டும்.

வாசனைப் பயிர்கள் அந்த இடத்தில்தான் வருகின்றன: எலுமிச்சைப்புல், பாமரோசா, சிட்ரோனெல்லா, வெட்டிவேர், புதினா, லாவெண்டர், துளசி. இவற்றில் பெரும்பாலானவை உலோகத்தை உறிஞ்சுவதில் சாம்பியன்கள் அல்ல. உலோகத்தைச் சகித்துக்கொள்பவை.

எப்படிச் சகிக்கின்றன? காட்மியம் செடிக்குள் திருட்டுத்தனமாகத்தான் நுழைகிறது. செடிக்குத் துத்தநாகமும் இரும்பும் வேண்டும். அவற்றை உள்ளே இழுக்க வேரில் வாசல்கள் உண்டு. காட்மியம் துத்தநாகத்தைப் போலவே வேடம் போட்டு அதே வாசலில் நுழைந்துவிடும். ஈயத்துக்கு அந்தச் சாமர்த்தியம் குறைவு. மண்ணோடும் வேரின் செல்சுவரோடும் ஒட்டிக்கொண்டு பெரும்பாலும் கீழேயே நின்றுவிடும். உள்ளே வந்த உலோகத்தைச் செடி சும்மா விடாது. கந்தகம் நிறைந்த சின்னஞ்சிறு புரதத் துண்டுகளைத் தயாரித்து, அவற்றால் உலோகத்தைக் கவ்விப் பிடித்து, செல்லுக்குள் இருக்கும் நீர்ப்பைக்குள் தள்ளிப் பூட்டிவிடுகிறது. 1985-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் இந்தத் துண்டுகளைப் பிரித்துக் காட்டினார்கள். அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்டது நம் சித்த, ஆயுர்வேத மருந்துகளில் புழங்கும் சர்ப்பகந்தியின் செல்களை. காட்மியம் கலந்த கரைசலில் வளர்த்தபோது சர்ப்பகந்தி தன் பூட்டைக் காட்டிக்கொடுத்தது.

இப்போது ஒரு துளசி இலையை அல்லது புதினா இலையைப் பறித்துத் திருப்பி, கைலென்ஸ் வைத்துப் பாருங்கள். அடிப்புறத்தில் பனித்துளி போலப் பளபளக்கும் புள்ளிகள் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு சுரப்பி. உச்சியில் உள்ள சில செல்கள் எண்ணெயைச் சுரந்து, இலையின் மெழுகுத் தோலுக்கும் தமக்கும் இடையே ஒரு பையில் சேர்த்து வைக்கின்றன. விரலால் லேசாகத் தேய்த்ததும் மணம் எழுவது அந்தப் பை உடைவதால்தான். உலோகம் இருப்பதோ செல்சுவரிலும் நீர்ப்பையிலும். எலுமிச்சைப்புல்லில் சுரப்பி இலைக்கு வெளியே இல்லை, இலைக்குள்ளேயே தனி எண்ணெய் செல்கள் உண்டு. எப்படியானாலும் எண்ணெயும் உலோகமும் ஒரே இலையில் வெவ்வேறு அறைகளில் குடியிருக்கின்றன.

அவற்றைப் பிரிப்பது வாலை, அதாவது ஆவியாக்கி வடிக்கும் கலம். நீலகிரிப் பக்கம் போனவர்கள் சாலையோரத்தில் தைலம் காய்ச்சும் கொட்டகைகளைப் பார்த்திருப்பார்கள். பெரிய கொதிகலனில் யூக்கலிப்டஸ் இலையைத் திணித்து, அடியில் தீ மூட்டுவார்கள். ஆவி குழாய் வழியாகக் குளிர்ந்த நீர்த்தொட்டிக்குள் சுற்றி வந்து சொட்டுச் சொட்டாக விழும். விழுவது கலங்கல் நீர். சற்றுப் பொறுத்தால் எண்ணெய் தனியே பிரிந்து மேலே மிதக்கும். எலுமிச்சைப்புல்லும் அப்படித்தான், இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். நூறு கிலோ பச்சைப் புல்லுக்கு ஏறக்குறைய அரைக் கிலோ எண்ணெய்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. எலுமிச்சைப்புல் எண்ணெயின் முக்கியப் பொருளான சிட்ரால் தனியாகக் கொதிக்க வேண்டுமானால் 229 டிகிரி வேண்டும். வாலைக்குள் வெப்பம் நூறைத் தாண்டுவதில்லை. பிறகு எப்படி ஏறுகிறது? எண்ணெயும் நீரும் ஒன்றில் ஒன்று கரையாதவை. அதனால் ஒவ்வொன்றும் மற்றது இருப்பதையே கவனிக்காமல் தன் பங்குக்கு ஆவி அழுத்தத்தைக் கொடுக்கிறது. பானை மூடியை இருவர் சேர்ந்து தள்ளுவது போல. நீர் பெரும்பங்கு தள்ள, எண்ணெய் கொஞ்சம் தள்ள, இரண்டும் சேர்ந்து காற்றழுத்தத்தை மிஞ்சியதும் கலவை கொதிக்கிறது. நூறு டிகிரிக்குச் சற்றுக் கீழேயே எண்ணெய் நீராவியின் தோளில் ஏறிக்கொண்டு வெளியே வந்துவிடும்.

ஈயத்துக்கு இந்தத் தோள் கிடைக்காது. உலோக ஈயம் கொதிக்க 1,749 டிகிரி வேண்டும், காட்மியத்துக்கு 767. செடிக்குள் அவை உலோகமாகவும் இல்லை. மின்னூட்டம் பெற்ற அயனிகளாக, அமிலங்களோடும் புரதத் துண்டுகளோடும் பிணைந்து கிடக்கின்றன. பாத்திரத்தில் தங்கிய உப்பின் கதைதான் அவற்றுக்கும். பாதரசம் மட்டும் விதிவிலக்கு. அறை வெப்பத்திலேயே ஆவியாகும் குணம் அதற்கு உண்டு. பாதரசம் படிந்த மண்ணில் இந்த நம்பிக்கையை வைக்கக் கூடாது.

முதலில் சொன்ன தெறிப்பு இங்கேதான் வருகிறது. ப்ளோவ்திவ் புதினாவில் ஒரு சங்கடமான செய்தியும் இருந்தது: இலையில் ஈயம் கூடக் கூட எண்ணெயிலும் அதன் சுவடு கூடியது. அளவு மிகச் சிறியது, ஆனாலும் பூஜ்யம் இல்லை. தூசி படிந்த தழையைக் கழுவாமல் திணித்தாலும், கொதி மிஞ்சி நீர்த்துளிகள் ஆவியோடு பறந்தாலும் இப்படி ஒட்டிக்கொண்டு வரலாம். இலையை நீரில் மூழ்க வைத்துக் காய்ச்சுவதைவிட, சல்லடைத் தட்டின் மேல் அடுக்கி அடியிலிருந்து ஆவி விடுவது நல்லது. பாத்திரமும் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். பழைய செம்பு வாலையும் ஈயப் பற்றும் தாமாகவே எண்ணெய்க்கு உலோகம் கொடுக்கும். இத்தனைக்கும் பிறகு ஒவ்வொரு முறை வடித்த எண்ணெயையும் சோதனைக்கு அனுப்பித்தான் விற்க வேண்டும். இன்னொன்று, இந்த நம்பிக்கை முழுக்க நீராவி வடிப்புக்கு உரியது. மல்லிகையிலிருந்து ஹெக்சேன் போன்ற கரைப்பான் கொண்டு வாசனை எடுக்கும் முறைக்கு இந்தச் சான்றிதழை நீட்டித் தர முடியாது.

இந்த இடத்தில் பல கட்டுரைகள் ‘மண்ணைச் சுத்தம் செய்யும் மணப்பயிர்’ என்று மகிழ்ச்சியாக முடிந்துவிடுகின்றன. எனக்கு அந்தச் சொல்லில் வருத்தம் உண்டு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு ஹெக்டேர் நிலம், அதாவது இரண்டரை ஏக்கர். மேல்மண் 20 சென்டிமீட்டர் மட்டும் எடுத்துக்கொண்டால் எடை ஏறக்குறைய 2,600 டன். ஒரு டன் மண்ணில் 500 கிராம் ஈயம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,300 கிலோ ஈயம். எலுமிச்சைப்புல் ஆண்டுக்குப் பத்து டன் உலர்தழை தருகிறது, ஒரு டன் தழையில் 50 கிராம் ஈயம் ஏறியிருக்கிறது என்று தாராளமாகவே கொள்வோம். ஆண்டுக்கு அரைக் கிலோ ஈயம் வெளியேறும். 1,300 கிலோவும் தீர 2,600 ஆண்டுகள். கீழடியின் பழமைக்குத் தொல்லியல் துறை சொல்லும் காலம் ஏறக்குறைய அவ்வளவுதான். காட்மியம் பரவாயில்லை, அது செடியில் எளிதாக ஏறும். ஒரு டன் மண்ணில் 3 கிராம், ஒரு டன் தழையிலும் 3 கிராம் என்று கொண்டால் 260 ஆண்டு. எந்த உழவரிடம் போய் இதைச் சுத்தம் என்று சொல்வது?

ஆகவே இந்தப் பயிர்கள் செய்யும் வேலையைச் சரியான பெயரால் சொல்வோம். அவை நஞ்சின் பாதையை அடைக்கின்றன. மண்ணிலிருந்து மனிதனுக்கு நஞ்சு வர வழிகள் தெரிந்தவைதாம்: உணவு, குடிநீர், தூசி. உணவுப் பயிரை எடுத்துவிட்டு வாசனைப் பயிரை வைத்ததும் முதல் வழி அடைபடுகிறது. எலுமிச்சைப்புல்லை ஒருமுறை நட்டால் நான்கைந்து ஆண்டு உழவே வேண்டாம். ஆண்டுக்கு மூன்று நான்கு முறை அறுத்துக்கொண்டே இருக்கலாம். உழாத மண்ணில் தூசி எழாது, அடர்ந்த சல்லிவேர் மண்ணை மழையில் கரைந்து ஓடவிடாது. உதிரும் வேரும் தழையும் மட்கி, உலோகத்தைப் பற்றிக்கொள்ளும் மக்கைக் கூட்டுகின்றன. மண்ணில் ஈயம் இருந்தபடியே இருக்கும். ஆனால் ஊருக்குள் நடமாடாது.

பிடித்து வைக்கும் வேலையில் வெட்டிவேருக்கு இணை இல்லை. உலகமே அதை ‘வெட்டிவர்’ என்று தமிழ்ச்சொல்லால்தான் அழைக்கிறது. வெட்டி எடுக்கும் வேர் என்ற நம் பெயர் பிரெஞ்சு வழியாக உலக மொழிகளுக்குப் போய்விட்டது. நல்ல மண்ணில் அதன் வேர் மூன்று மீட்டருக்கும் மேல் செங்குத்தாக இறங்கும். தென்னிந்திய வகை முளைக்கும் விதை வைப்பதில்லை. தூரைப் பிரித்து நட்டால்தான் உண்டு, அதனால் களையாகப் பரவும் பயமும் இல்லை. மைசூருக்கு அருகே குண்டல்பேட்டை உழவர்கள் அதைத் தலைமுறை தலைமுறையாக வரப்பில் வேலியாக வைத்திருந்தார்கள். 1980களில் உலக வங்கியின் ஜான் கிரீன்ஃபீல்டும் ரிச்சர்டு கிரிம்ஷாவும் மண் அரிப்பைத் தடுக்க அதை நாடு நாடாகக் கொண்டு போனார்கள். அது கன உலோகத்தையும் தாங்கும் என்பது பின்னர்தான் தெரிந்தது. ஆஸ்திரேலியாவில் பால் ட்ருவாங் அதைச் சோதித்தார். சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில், லேச்சாங் என்ற இடத்தில் ஈய, துத்தநாகச் சுரங்கம் கொட்டிய கழிவின் மேலேயே நான்கு வகைப் புற்களை நட்டுப் பார்த்தார்கள். 2002-இல் வெளியான முடிவில் வெட்டிவேர்தான் முதலில் நின்றது. வெறுங்கழிவில் நிற்கவில்லை. ஊர்க்குப்பையும் உரமும் போட்ட பிறகுதான் நின்றது. செடியை மட்டும் நம்பி மண்ணுக்கு ஒன்றும் செய்யாமல் விட்டால் வெட்டிவேரும் கைவிடும்.

உறிஞ்சிய உலோகத்தில் பெரும்பகுதியை வெட்டிவேர் வேரிலேயே வைத்துக்கொள்கிறது, மேலே கொஞ்சம்தான் விடுகிறது. நிலத்தைப் பிடித்து வைக்க இது அருமையான குணம். ஆனால் அதன் எண்ணெயும் வேரில்தானே இருக்கிறது? எண்ணெய்க்காக வேரைத் தோண்டினால் ஒரு மீட்டர் ஆழத்துக்கு மண் புரளும். அடைத்த பாதை திறந்துகொள்ளும், தோண்டுகிறவரின் மூக்கில் தூசி ஏறும். என் கருத்தில், நஞ்சேறிய நிலத்தில் வெட்டிவேரை நட்டால் அது வேலிக்கும் காவலுக்கும் மட்டும். எண்ணெய் வேண்டுமென்றால் பக்கத்தில் இலையை அறுக்கும் புல்லை நட வேண்டும். இரண்டையும் ஒரே வேரிடம் கேட்கக் கூடாது.

நம் வீடுகளின் வழக்கம் ஒன்று இங்கே என்னைக் கவலைப்படுத்துகிறது. கோடை வந்தால் மண்பானைத் தண்ணீரில் ஒரு கொத்து வெட்டிவேரைப் போட்டு வைப்போம். நாட்டுமருந்துக் கடையில் கட்டுக்கட்டாகத் தொங்கும் வேரை அது எந்த மண்ணில் விளைந்தது என்று யாரும் கேட்பதில்லை. உலோகத்தைச் சேமித்து வைத்த வேரை இரவெல்லாம் குடிநீரில் ஊறப் போடுவதை எண்ணிப் பாருங்கள். லெமன் கிராஸ் டீயும் துளசித் தீர்த்தமும் புதினாத் துவையலும் இதே வரிசைதான். எண்ணெய் ஆகலாம், இலை ஆகாது. வாலைக்குப் போகாத ஒரு கட்டுக்கூட நஞ்சேறிய நிலத்திலிருந்து வெளியேறக் கூடாது. வடிக்கும்போது எண்ணெய்க்குக் கீழே தேங்கும் வாசனை நீரைப் பன்னீர் போல விற்பதையும் நான் ஒப்பமாட்டேன்.

நமக்கு இந்தப் பேச்சு ஏன் தேவை என்பதற்குப் பாலாற்றங்கரையே விடை. வேலூர் மக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னபோது, தோல் பதனிடும் ஆலைகள் சூழ்ந்த வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியோ முழுதுமோ கெட்டுவிட்டது என்ற ஆய்வையும் தீர்ப்பில் பதிவு செய்தது. அதற்குப் பத்து ஆண்டு கழித்து, 2006-இல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் வெளியிட்ட உலகின் மிக மோசமாக மாசுபட்ட பத்து இடங்களின் பட்டியலில் செர்னோபிலோடு ராணிப்பேட்டையும் இருந்தது. காரணம், 1990களில் மூடப்பட்ட ஒரு குரோமேட் ஆலை விட்டுச்சென்ற லட்சக்கணக்கான டன் கழிவு.

குரோமியத்துக்கு இரண்டு முகம். தோல் பதனிடப் பயன்படும் மும்மை குரோமியம் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும், எளிதில் நகராது. குரோமேட் ஆலைக் கழிவில் இருக்கும் அறுமை குரோமியம் நீரில் கரையும், நிலத்தடி நீரை மஞ்சளாக்கும், புற்றுநோயைத் தரும். செடிக்குள் அது சல்ஃபேட் வேடத்தில் நுழைகிறது. வேர் கசியும் அமிலங்களும் மட்கும் தழையும் அறுமையை மும்மையாக மாற்ற உதவுகின்றன, அது செடிகள் செய்யும் பெரிய உபகாரம். ஆனால் மழை பெய்யும்போதெல்லாம் ஆலைக் கழிவுக் குன்றிலிருந்து அறுமை குரோமியம் இறங்கிக்கொண்டே இருந்தால், கீழே எத்தனை ஏக்கர் புல் நட்டும் பயனில்லை. குன்றை மூடி, நீர் புகாமல் அடைத்து, கழிவை வேதிமுறையில் அடக்கிய பிறகுதான் செடிக்கு வேலை.

தோல் வட்டார வயல்களில் குரோமியத்துக்கு முன்பே பயிரைக் கொன்றது உப்பு. பச்சைத் தோல் கெடாமலிருக்கப் போட்ட உப்பு, கழுவிய நீரோடு நிலத்துக்கு வந்தது. ஆகவே அங்கே உவரையும் தாங்கும் பயிர் வேண்டும். வெட்டிவேரும் பாமரோசாவும் அதற்கு ஓரளவு ஈடுகொடுக்கும். லக்னோவில் உள்ள மத்திய மருந்து, மணப்பயிர் ஆய்வு நிறுவனம் உவர் நிலத்திலும் களர் நிலத்திலும் இவற்றை வளர்க்கும் அனுபவத்தைச் சேர்த்து வைத்திருக்கிறது. அந்த அனுபவத்தை நம் ஊர் மண்ணில் சோதிக்க வேண்டும், வயல் வயலாக. மண்ணில் மொத்தம் எவ்வளவு உலோகம் என்பதோடு, நீரில் கரைந்து நகரும் உலோகம் எவ்வளவு, கார அமிலத் தன்மை என்ன, உப்பு எவ்வளவு என்றெல்லாம் அளந்த பிறகே எந்தப் பயிர் என்று சொல்ல முடியும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். உச்ச நீதிமன்றத்தின் அந்த 1996 தீர்ப்பு இந்தியச் சட்டத்தில் நிலைநாட்டிய கொள்கை, மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பது. வாசனைப் பயிர் லாபம் தருகிறதே என்று சொல்லி அந்தச் செலவை உழவரின் தலையில் கட்டிவிடக் கூடாது. வாலை வாங்குவதும், எண்ணெயைச் சோதிப்பதும், குறைந்த மகசூலுக்கு ஈடு தருவதும் மண்ணைக் கெடுத்தவர் கணக்கில் வர வேண்டியவை. உழவர் கொடுக்க வேண்டியதை ஏற்கெனவே கொடுத்துவிட்டார்.

கடைசியாக, கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் குவியல். நூறு கிலோ புல்லில் அரைக் கிலோ எண்ணெய் போனால் மீதி எல்லாம் அங்கேதான் கிடக்கும், செடி ஏற்றிய உலோகம் ஏறக்குறைய முழுவதையும் வைத்துக்கொண்டு. நல்ல நிலத்துப் புல் என்றால் அந்தச் சக்கையை மாட்டுக்குப் போடுவார்கள், காளான் படுக்கைக்குக் கொடுப்பார்கள், நீலகிரிக் கொட்டகைகளில் போல உலர்த்தி அடுப்பெரிப்பார்கள். நஞ்சேறிய நிலத்துச் சக்கையை எரித்தால் உலோகம் சாம்பலில் செறியும், காட்மியத்தில் ஒரு பங்கு புகையோடு ஊருக்குள் போகும். அதற்கு நான் பார்க்கும் நேர்மையான இடம் அது விளைந்த அதே வயல்தான். மூடாக்காக அங்கேயே பரப்பினால் வந்த உலோகம் வந்த இடத்துக்கே போகிறது. கூடவும் இல்லை, பரவவும் இல்லை, மண்ணுக்கு மக்கும் சேர்கிறது. ஆனால் வாலையிலிருந்து அப்போதுதான் இறக்கிய சக்கை ஆவி பறக்க வெதுவெதுப்பாக இருக்கும், எலுமிச்சை மணம் வீசும். அந்த மணத்துக்கு முதலில் வருவது பக்கத்து வீட்டு ஆடு. கொட்டகை போடுகிறவர்கள் அடுப்பு கட்டுவதற்கு முன் அந்தக் குவியலைச் சுற்றி வேலி கட்ட வேண்டும்.